தையல் விழுந்த சந்து

அலுவலகத்தில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். ஊசியும் கிடையாது, நூலும் கிடையாது. வீட்டில் ஒரு பொத்தான் அறுந்தால்கூடக் கணவர்தான் தைத்துக்கொள்ள வேண்டும். அவள் தைப்பது படங்களை. அரசாங்க விமானம் ஒன்று மேலே போய்த் திரும்பி, போய்த் திரும்பி, தரையைப் படம் பிடித்துக்கொண்டு வரும். அப்படி வந்து குவிகிற ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து, வெட்டி, நிறம் சரிபார்த்து, நாடு முழுவதும் ஒரே படம் என்று பார்க்கிறவர் நம்பும்படி ஆக்குவதுதான் நில அளவைத் துறையில் அவள் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும் சேதி. ஒரு படம் காலையில் எடுத்தது, அடுத்தது பிற்பகலில். ஒன்றில் நிழல் மேற்கே விழும், இன்னொன்றில் கிழக்கே. இரண்டையும் சும்மா ஒட்டினால் மைதானத்தின் நடுவில் கோடு கிழித்தது போல் பல்லைக் காட்டும். அதனால் படமும் படமும் சேர்கிற கோட்டைக் கண் தேடாத இடமாகப் பார்த்து ஒளித்து வைக்க வேண்டும். சாலையோரம், ஆற்றங்கரை, மதில் நிழல் எல்லாம் அதற்கு ஆகும். ஊருக்குள் வந்தால் சந்து. சந்தைப் போலத் தையலுக்குத் தோதான இடம் உலகத்திலேயே இல்லை என்பாள். குறுகல், எந்நேரமும் இருட்டு, யார் கண்ணும் அங்கே போகாது. சந்து வழியாக அவள் கோட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டால், மறுநாள் அவளே வந்து தேடினாலும் கிடைக்காது.

அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. ஏன் இருக்கக் கூடாது? முதுகு ஒடிய வேலை செய்தவள் அவள்தானே. கண்ணாடியின் பவர் ஏறியதும் அவளுக்குத்தானே.

படம் முடிந்ததும் துறை விழா எடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் மக்களுக்கே சொந்தம், யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று மேடையில் முழங்கினார்கள். சொன்னது பொய்யில்லை. இறக்கிக்கொள்ளலாம். திறக்கத்தான் முடியாது. படத்தைச் சுருக்கி வைத்திருந்த ஃபார்மட் ஒரு தனியார் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி விற்கிற சாஃப்ட்வேர் இருந்தால்தான் திறக்கும். அதன் விலையை விசாரித்தவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். சும்மா பார்ப்பதற்கு மட்டும் என்று கம்பெனி முன்பு ஒரு இலவச சாஃப்ட்வேர் கொடுத்துக்கொண்டிருந்தது. விழா முடிந்த கையோடு அதையும் நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் துறை அந்த ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: மலை போன்ற படத்தை அது உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கியது. இயக்குநருக்கு அது போதுமானதாக இருந்தது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. பயந்த சுபாவம், அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே பல்லவியைப் பாடுவார். "படம் வெளியிட்டு எவ்வளவு நாளாச்சு! ஒரு புகார், ஒரே ஒரு புகார் வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தையல்காரியைப் பார்த்துச் சிரிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். அவளும் தலையைக் குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்வாள். திறந்து பார்த்தவன் ஒருவன் இருந்தால்தானே புகார் வரும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு ஒன்றிரண்டு முறை தோன்றியது. தோன்றியதை உள்ளேயே அமுக்கிவிட்டாள்.

மானம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதுவும் சொந்த வீட்டில், நாத்தனார் முன்னால்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. தீயணைப்பு நிலைய அதிகாரி. நகரத்தின் பழைய பகுதி முழுக்க அவள் பொறுப்பு. அவள் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தியை ஒருத்தி வாருவதில் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் கணவர். அன்று அவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஆரம்பித்தார்.

"உன் ஸ்டேஷன் மொட்டை மாடியில காயப்போட்ட யூனிஃபார்ம்கூட அதுல தெரியும். அவ்வளவு துல்லியம். உங்க அண்ணி தைச்சதுன்னா சும்மாவா?"

நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்தினாள். "நிஜமாவா அண்ணி? சந்தெல்லாம் தெரியுமா? எனக்கு அதுதான் வேணும். புது வண்டி தர்றாங்க, பழசைவிட அகலம். எந்தச் சந்து எதுல போய்ச் சேருது, வண்டி எங்க திரும்பும்னு மேலேருந்து ஒரே பார்வையில பார்த்தாத்தான் பிடிபடும். போன மாசம் பழைய வண்டியே ஒரு முக்குல சிக்கிக்கிச்சு. பின்னால எடுத்துச் சுத்தி வர்றதுக்குள்ள ஒரு மெத்தைக் கடை முழுசா போயிடுச்சு. கடைக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

"இதுக்கா கவலைப்படுறே? இப்பவே காட்டுறேன் பாரு" என்று தையல்காரி சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பை விரித்தாள். படம் இறங்கியது. கிளிக் செய்தாள். இந்த ஃபைலைத் திறக்க உரிமம் தேவை என்று வந்தது. மறுபடி கிளிக் செய்தாள். மறுபடியும் அதேதான். அலுவலகத்தில் அவள் கம்ப்யூட்டருக்கு உரிமம் உண்டு. தன் படத்தை வெளியே ஒரு நாளும் அவள் திறந்து பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை நடுத்தெருவில் நீ யாரென்று கேட்டது போல் இருந்தது அவளுக்கு.

நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது? எல்லாரும் உள்ள வாங்கன்னு வாசல்ல போர்டு மாட்டிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை எவனோ ஒருத்தன் கிட்டக் குடுத்திருக்கீங்க!"

கணவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் காப்பியை அவரே போட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று.

"புதன்கிழமை ஆபீசுக்கு வா" என்றாள் தையல்காரி லேப்டாப்பை மூடியபடி. "என் நாற்காலியிலேயே உட்கார வச்சுக் காட்டுறேன். பார்த்துட்டு அப்புறம் பேசு."

அந்த வாரம் பார்த்து அமைச்சகத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. இவ்வளவு பெரிய படத்தை மக்கள் யாரும் பயன்படுத்தக் காணோமே, எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற பொது ஃபார்மட்டில் கொடுத்தால் என்ன என்று. வெள்ளிக்கிழமை அது பற்றிக் கூட்டம். இயக்குநர் செவ்வாய்க்கிழமையே அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஃபார்மட் மாத்தினா தரம் குறையும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நீங்க சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"தரம் எப்படி சார் குறையும்? மூலப்படம் நம்ம கிட்டதானே இருக்கு. அதுலேருந்தே எடுத்துக் குடுக்கலாம். ஃபைல் பெருசாகும், அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதாம்மா?" குரலைத் தாழ்த்தினார். "திறந்து விட்டோம்னா என்ன ஆகும்னு யோசிங்க. நாட்டுல இருக்கிற அத்தனை பேரும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு உங்க தையலைத் தேடுவாங்க. எவ்வளவு அழகா முடிச்சிருக்கீங்க! இதுவரைக்கும் ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல. அந்தப் பேரு கெடணுமா?"

அவர் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார். ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஒரு சொல் கேட்காமல் வந்த பெயர் அவளுடையது. அதை வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலாகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "சரி சார், சொல்றேன்" என்றாள். சொன்னதும் வாய் கசந்தது. கசப்பை விழுங்கிக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை நாத்தனார் யூனிஃபார்மிலேயே வந்து இறங்கினாள். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டுப் பாதிப் பேர் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள். தையல்காரியின் அறையில் ஜன்னல்களுக்கு எப்போதும் திரை போட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் ஏமாற்றும். இரண்டு பெரிய மானிட்டர்கள், கை வைத்து வைத்துப் பளபளத்துப் போன ஒரு மவுஸ், கழுத்து வலிக்கு ஒரு குட்டித் தலையணை. அவ்வளவுதான் அந்த அறை. நாத்தனாரை உட்கார வைத்துப் பழைய நகரத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

நாத்தனார் வாயடைத்துப் போனாள். அது அபூர்வம்.

"அம்மாடி!" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அண்ணி, இது நம்ம ஊரா? அதோ என் வண்டி! அட, நிஜமாவே யூனிஃபார்ம் காயுது! இத்தனையும் நீங்க ஒத்தை ஆளா சேர்த்ததா?"

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போன மானம் வட்டியோடு திரும்பி வந்தது.

பிறகு நாத்தனார் வேலையில் இறங்கினாள். விரலைத் திரையில் வைத்து வண்டி ஓட்டுகிற மாதிரியே போனாள். "இப்படி நுழையிறேன். இரும்புக் கடை. இங்க ரைட்டு. பேக்கரி தாண்டி லெஃப்ட்டு..." விரல் நின்றது. முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. "அண்ணி, இங்க ஒரு சந்து இருக்கணுமே."

"எங்க?"

"இங்கதான். இந்த ரெண்டு வரிசைக்கும் நடுவுல. உங்க படத்துல வீடும் வீடும் ஒட்டிக்கிட்டு நிக்குது."

"சந்து இருந்தா தெரியாதா? நீ தெரு மாறிப் பார்க்கிறே."

"நானா?" நாத்தனாரின் குரல் பழையபடி ஆகிவிட்டது. "அந்தச் சந்துல ஹோஸைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருக்கேன் அண்ணி. பழைய வண்டி அதுல கண்ணாடியை மடக்காமலே போகும். நீங்க அதைத் தூக்கி எங்க வச்சீங்க?"

தையல்காரி மூலப்படங்களை எடுத்தாள். விமானம் அந்தப் பகுதிக்கு மேற்கே ஒரு தடவை போயிருந்தது, கிழக்கே ஒரு தடவை போயிருந்தது. உயரமான வீட்டை நேர் மேலே இருந்து எடுத்தால் கூரை மட்டும் தெரியும். பக்கத்திலிருந்து எடுத்தால் வீடு மறுபக்கமாகச் சாய்ந்து விழும். மேற்கிலிருந்து எடுத்த படத்தில் வீடுகளெல்லாம் கிழக்கே சாய்ந்து, சந்தின் ஒரு பாதியை மறைத்திருந்தன; மறுபாதி தெரிந்தது. கிழக்கிலிருந்து எடுத்ததில் அப்படியே தலைகீழ். அவள் சந்தின் நடுவே கோடு போட்டு மேற்குப் பக்கத்தை மேற்குப் படத்திலிருந்தும் கிழக்குப் பக்கத்தைக் கிழக்குப் படத்திலிருந்தும் எடுத்திருந்தாள். தெரிந்த பாதிகளை இரண்டிலும் வெட்டி எறிந்துவிட்டு, மறைந்த பாதிகளை ஒன்றாக ஒட்டியிருந்தாள். எதிரெதிர் வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துத் தலையோடு தலை முட்டிக்கொண்ட மாதிரி கூரைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் சந்து காணாமல் போயிருந்தது.

தையல் தெரியவில்லை என்று மார்தட்டிக்கொண்டாளே, தையல் மட்டுமா தெரியாமல் போனது?

கோட்டைச் சந்திலிருந்து எடுத்து, இரண்டு தெரு தள்ளி அகலமான சாலையில் போட்டாள். கூரைகள் விலகின. நடுவில் மெல்லிசாக ஒரு இருட்டு தெரிந்தது.

"இதோ! இதேதான்!" நாத்தனார் மேசையைத் தட்டினாள். "அகலத்தை நான் டேப் வச்சு அளந்துக்கிறேன் அண்ணி. இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். இல்லேன்னா நாளைக்குப் பக்கத்து ஸ்டேஷன்காரங்க இந்தப் படத்தை நம்பி வந்து, வழியே இல்லைன்னு திரும்பிப் போயிடுவாங்க." அப்போதுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். குரல் தானாகவே இறங்கியது. "ஐயோ, விடுங்க அண்ணி. ஒரு சந்துதானே."

"ஒண்ணு இல்லடி" என்றாள் தையல்காரி.

ஒன்று இல்லை. எத்தனை ஊர், எத்தனை சந்து! எங்கெல்லாம் அவள் கை மிக நேர்த்தியாக ஓடியதோ அங்கெல்லாம் ஒரு வழியை விழுங்கியிருக்கலாம். மறுநாள் முழுக்கத் திரையைத் துழாவினாள். ஒட்டி நிற்கிற வீட்டு வரிசை நிஜமாகவே ஒட்டியிருக்கிறதா, நடுவில் சந்து இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு இரண்டு படமாக எடுத்து நாடு முழுவதையும் ஒருத்தி சரிபார்ப்பதென்றால் இன்னொரு ஆயுள் வேண்டும். அந்தச் சந்தில் நடக்கிறவன் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். அவன் பார்க்கத்தான் வழியில்லை. அவளுக்கு முதலில் தன் மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பூட்டின் மேல் வந்தது. படம் திறந்து கிடந்திருந்தால் முதல் வாரமே யாராவது திட்டியிருப்பார்கள்.

கண்டுபிடித்த ஒரு சந்தைச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். நாத்தனார் வெளியே சொல்ல மாட்டாள். இயக்குநருக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது, பெயரும் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை தலை வாரிக்கொண்டபோதுகூட அவள் அப்படித்தான் நினைத்தாள்.

கூட்டத்துக்கு அமைச்சகத்திலிருந்து செயலாளர் வந்திருந்தார். அளந்து பேசுகிற அம்மாள். இயக்குநர் ஃபார்மட்டின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லி முடித்து, "மாத்தினா தரம் குறையும். எங்க நிபுணரே சொல்லுவாங்க" என்று கையைக் காட்டினார். தையல்காரி எழுந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எழுகிற வரைக்கும் அவளுக்கே தெரியாது.

"தரம் ஒரு புள்ளிகூடக் குறையாது மேடம்."

தண்ணீர் டம்ளரை எடுத்த இயக்குநர் குடிக்காமல் அப்படியே வைத்தார்.

"அப்ப என்னதான் குறையும்?" என்றார் செயலாளர்.

"எங்க மவுசு குறையும். முக்கியமா என்னோடது." கொண்டுவந்திருந்த படங்களைத் திரையில் போட்டுச் சந்து காணாமல் போன கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

"இந்த மாதிரி எத்தனை இடம் இருக்கும்?"

"தெரியாது மேடம். அங்கங்க இருக்கிறவங்க பார்த்துச் சொன்னாத்தான் தெரியும். ஒரு புகார்கூட வரலைன்னு நாங்க பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தோம். யாரும் பார்க்கல, அதான் வரல."

அவள் உட்காரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன் மேடம். இந்த நாட்டுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. தைச்சவ நான், எனக்குத் தெரியும். அதைப் பூட்டி வச்சுக்கிட்டு நல்ல படம்னு நாங்களே சொல்லிக்கிறதுல என்ன இருக்கு? வெளியில விடுங்க. நாலு பேர் கிட்ட அடி வாங்கிட்டு வரட்டும். நான் சரி பண்றேன்."

செயலாளர் தன் குறிப்பேட்டை மூடினார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "திறந்து விடுங்க" என்றார். அவ்வளவுதான் கூட்டம்.

வராந்தாவில் இயக்குநர் வேகமாக வந்து அவளைப் பிடித்தார். "கடைசி நேரத்துல இப்படிக் காலை வாரிட்டீங்களேம்மா!"

"உங்க காலை இல்ல சார். என் காலை நானே வாரிக்கிட்டேன்" என்றாள். விழுந்தவள் மாதிரி அவள் நடக்கவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கணவர் தங்கைக்கு போன் போட்டுவிட்டார். போன் காதில் இருந்து ஒரு முழம் தள்ளி இருந்தும் அந்தப் பக்கத்துச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

படம் பொது ஃபார்மட்டில் வெளிவந்தது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வரவேற்பு மேசையில் தூசி படிந்து கிடந்த தொலைபேசி அடித்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற நடைபாதை எங்கே என்று ஒரு தலைமை ஆசிரியை கேட்டார். அதற்கப்புறம் அது ஓயவில்லை. பாலத்தைப் பாதியில் உடைத்துவிட்டீர்கள் என்று ஒரு படகுக்காரர். தபால் கொடுக்கிற பெண் ஒருத்தி தான் நடக்கிற சந்துகளில் எது எது இல்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தன் வீட்டு மரத்தை இரண்டாக வெட்டிவிட்டதாக ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து, இதைப் பெரிதாக அச்சுப் போட எங்கே கொடுக்கலாம் என்று கேட்டார். நாத்தனார் கேட்கவே இல்லை. தன் பகுதியைச் சுவர் அளவுக்கு அச்சுப் போட்டு நிலையத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி தைச்சது. ஒரு சந்தை முழுங்கிட்டாங்க, நான்தான் வயித்துலேருந்து எடுத்தேன்" என்கிறாளாம்.

தையல்காரி ஒவ்வொரு அழைப்புக்கும் படத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துத் தைத்தாள். அவள் ஒன்றை முடிப்பதற்குள் வேறு ஊர்களில் புதிய புள்ளிகள் முளைத்தன.

ஒரு நாள் இயக்குநர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். திரையில் நாடு முழுவதும் விரிந்து கிடந்தது. கரையோரம், மலையடிவாரம், பெயர் கேள்விப்படாத ஊர்கள் என்று எங்கே பார்த்தாலும் சிவப்பு. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை தப்பாம்மா?"

அவள் நாற்காலியைத் திருப்பி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"இத்தனை பேர் சார்."